ஓடுவதற்கு ஓர் ஆற்றங்கரை

தமிழ்நாட்டுப் போலீஸ் படையில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர விரும்பும் வாலிபன் 1500 மீட்டர் தூரத்தை 7 நிமிஷத்துக்குள் ஓடிக் காட்ட வேண்டும் என்பது விதி. பெண்ணாக இருந்தால் 400 மீட்டர் தூரத்தை 2 நிமிஷம் 30 விநாடிக்குள் ஓட வேண்டும். எழுத்துப் பரீட்சையில் எவ்வளவு மார்க்கு வாங்கியிருந்தாலும், இந்த ஓட்டத்தில் தவறியவர்களுக்கு அந்த உத்தியோகம் இல்லை. இந்த விதியை நாம் குறை கூறவில்லை. திருடனைத் துரத்த வேண்டியவன் ஓடத் தெரிந்தவனாக இருக்க வேண்டியதுதான். ஆனால், ஓடிக் காட்டு என்று கேட்கிற சர்க்கார், ஓடிப் பழக இடம் எங்கே என்ற கேள்விக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டதல்லவா?

இந்தக் கேள்வி பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் இடையே உள்ள கிராமங்களில் மிகவும் பொருத்தமாக எழுகிறது. ஆவடி பட்டாளத்து ஊர். சிறப்புக் காவல் படையின் முகாம்களும், மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் முகாமும், விமானப் படையின் நிலையமும், 1965-ல் விஜயந்தா டாங்கியை உருவாக்கி வெளியே அனுப்பிய தொழிற்சாலையும் அங்கே இருக்கின்றன. அவற்றைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குச் சீருடையில் ஆசை பிறப்பது இயல்பு. அந்த ஆசையோடு விடியுமுன் எழுந்து ஓடப் புறப்படுகிறவனுக்கு எதிர்ப்படுவது தார்ச் சாலையும், அதில் கண்ணைப் பறிக்கும் விளக்குகளோடு பாய்ந்து வரும் லாரிகளுமே. சாலையின் ஓரத்தில் மண் இருக்கும் இடத்தில் மண்ணிலும், மண் இல்லாத இடத்தில் தாரின் விளிம்பிலும் அவன் ஓட வேண்டியிருக்கிறது. அவனுக்கு மிக அருகிலேயே ஓர் ஆறு போகிறது. அதன் கரையில் அவன் ஓட முடியவில்லை. இந்த விந்தையைப் பற்றித்தான் இன்று நாம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம்.

நாம் எடுத்துக்கொண்ட ஊர் சென்னீர்குப்பம். பூந்தமல்லியை அடுத்து, ஆவடிக்குப் போகும் சாலையில் உள்ளது. திருவள்ளூர் ஜில்லாவைச் சேர்ந்தது. ஜனத்தொகைக் கணக்கெடுப்பில் நகரம் என்றும், நிர்வாகத்தில் ஊராட்சி என்றும் நெடுங்காலம் இரண்டுங்கெட்டான் நிலையில் இருந்து வந்த ஊர். பட்டணத்தின் நெரிசல் வந்து சேர்ந்துவிட்டது. பட்டணத்தின் வசதிகள் முழுவதும் வந்து சேரவில்லை. பெயரிலேயே நீரைச் சுமந்திருக்கும் இவ்வூருக்கு வடக்கே கூவம் நதி மேற்கிலிருந்து கிழக்காகச் செல்கிறது. கூவம் என்றதும் மூக்கைப் பிடித்துக்கொள்ளும் பட்டணவாசிகளுக்கு நாம் ஒன்று சொல்ல வேண்டும். அந்த நதியின் நீளம் ஏறத்தாழ 72 கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல், வயலும் தோப்பும் ஏரியும் உள்ள கிராமப் பிரதேசத்தில் செல்கிறது. நாட்டுப்புற நதி பட்டணத்து நதியாக மாறும் எல்லையில் சென்னீர்குப்பம் நிற்கிறது. ஆகையால், இந்த நதி கெட்டுப்போவதையும் இங்கே காணலாம். கெடாமல் காப்பதற்கும் இங்கேதான் தொடங்க வேண்டும்.

ஓட்டம் என்றதும் பந்தயத்தையும் பதக்கத்தையும் நினைக்க வேண்டியதில்லை. தேகாப்பியாசங்களுள் மிகவும் செலவு குறைந்தது இதுவே. கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும்; டென்னிஸுக்கு மைதானமும் வலையும் வேண்டும்; இரும்புக் குண்டு தூக்குவதற்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். ஓடுவதற்கு இரண்டு கால்களும் ஒரு பாதையும் போதும். கால்களை இயற்கை கொடுத்திருக்கிறது. பாதையைத்தான் சமூகம் கொடுக்க வேண்டும். ஆகவே, சென்னீர்குப்பத்து வாசி ஒருவர் காலையில் ஓடப் புறப்பட்டால் அவருக்கு இன்று என்னென்ன பாதைகள் உள்ளன என்று முதலில் பார்ப்போம்.

முதலாவது, வடக்குப் பாதை. ஆவடிச் சாலையில் சென்று கூவம் பாலத்தைக் கடந்தால் பருத்திப்பட்டு வரும். ஊரிலிருந்து அங்குள்ள ஏரி நான்கைந்து கிலோமீட்டர் தூரம் இருக்கலாம். சாக்கடையும் குப்பையும் சேர்ந்து சீரழிந்திருந்த இந்த ஏரியைத் திருத்தி, கரையைச் சுற்றி ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடைபாதை அமைத்து 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். மழைக்காலம் முடிந்த மாதங்களில் இங்கே கூழைக்கடாவும் நீர்க்காகமும் கொக்கும் வந்து இறங்குவதைப் பார்க்கலாம். நீர்ப்பரப்பின் மேல் இளவெயில் படரும் வேளையில் ஒரு சுற்று ஓடி வருபவருக்கு, அது கைவிடப்பட்டுக் கிடந்த ஏரி என்பதே நினைவுக்கு வராது. ஆனால், அங்கே போய்ச் சேர்வதற்கு அந்த லாரிச் சாலையிலேயேதான் ஓட வேண்டும். ஏரிக்கரையில் கிடைக்கும் நிம்மதியை அடைய, சாலையில் உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. பாலத்தின் மீது ஒரு கணம் நின்று கீழே நோக்கினால், கோரையும் ஆகாயத்தாமரையும் மண்டிய ஆற்றுப் படுகை கண்ணில் படும். போக வேண்டிய பாதை மேலே அல்ல, கீழே இருந்தது என்று அப்பொழுது தோன்றும்.

இரண்டாவது, கிழக்குப் பாதை. இது திருவேற்காட்டுக்குச் செல்வது. மூன்று நான்கு கிலோமீட்டர் தூரம். வேலமரங்கள் அடர்ந்த காடாக இருந்தமையால் வேற்காடு எனப் பெயர் பெற்ற ஸ்தலம். வேதபுரீசுவரர் கோயிலின் ஸ்தல விருட்சம் இன்றும் வெள்வேல மரமே. சம்பந்தர் பாடிய ஸ்தலம் அது. கருமாரியம்மன் கோயிலுக்கோ நாடெங்குமிருந்து ஜனங்கள் வருகிறார்கள். ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பக்கம் ஓட நினைப்பது வீண்; கூட்டத்தில் நடப்பதே பெரும்பாடு. மற்ற நாட்களில், வெயில் ஏறுமுன் போய்த் திரும்புவதற்கு ஏற்ற தூரம். ஊருக்கும் கோயிலுக்கும் இடையே நதி வளைந்து செல்கிறது. ஆயினும் ஓடுகிறவர் நதியை இரண்டொரு இடங்களில் மட்டுமே பார்க்க முடியும். மற்ற இடங்களில் மதிற்சுவர்களும் மனைப் பிரிவுகளும் நதிக்கும் கண்ணுக்கும் நடுவே எழும்பிவிட்டன.

மூன்றாவது, தெற்கும் மேற்குமான பாதை. பூந்தமல்லி இரண்டு கிலோமீட்டரளவில் இருக்கிறது. பூவிருந்தவல்லி என்ற அழகிய பெயர் வழக்கில் தேய்ந்து பூந்தமல்லியாயிற்று. வரதராஜப் பெருமாள் கோயில் கொண்ட இவ்வூர் திருக்கச்சி நம்பிகளின் ஊர். ராமாநுஜர் காலத்தவரான அவர், இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்து மாலை கட்டிக் காஞ்சிபுரத்து வரதனுக்கு எடுத்துச் சென்றார் என்பது ஐதீகம். இங்கிருந்து காஞ்சி ஏறத்தாழ 50 கிலோமீட்டர். இன்று உலகெங்கும் புகழ் பெற்றிருக்கும் மாரத்தான் ஓட்டத்தின் தூரம் 42.195 கிலோமீட்டர்தான்! நம் முன்னோர் கால்களை எவ்வளவு நம்பியிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? பூந்தமல்லிக்கு மேற்கே இன்னும் சில கிலோமீட்டர் சென்றால் திருமழிசை. ஆழ்வார் அவதரித்த ஊர். ஆனால் இடையில் இருப்பதோ பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலை. பக்தி மிகுந்தவர்கள்கூட அதன் ஓரத்தில் ஓட அஞ்சுவார்கள்.

தென்மேற்கே செம்பரம்பாக்கம் ஏரி இருக்கிறது. பல கிலோமீட்டர் நீண்ட அதன் கரையைப் பார்க்கிறவர்களுக்கு ஓட வேண்டும் என்ற ஆசை எழாமல் இராது. அந்த ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியதுதான். 364 கோடி கன அடிக்கு மேல் கொள்ளும் அந்த ஏரி பட்டணத்தின் குடிநீர்க் கலம். அதன் மதகும் கரையும் காவலுக்கு உரியவை. அனுமதி இன்றி அங்கே ஏறுவதை நாம் யாருக்கும் யோசனையாகச் சொல்ல மாட்டோம்.

ஆக, மூன்று பாதைகள். மூன்றும் அழகான இடங்களில் போய் முடிகின்றன. மூன்றும் ஆபத்தான சாலைகளின் வழியே போகின்றன. நான்காவதாக ஒரு பாதை இருந்திருக்க வேண்டும். பருத்திப்பட்டுப் பாலத்தின் அடியிலிருந்து கூவத்தின் கரையோடு திருவேற்காடு வரையில் செல்லும் மண் பாதை அது. சாலையைக் கடக்க வேண்டாம். புகையைச் சுவாசிக்க வேண்டாம். ஊதலோசை கேட்டு ஒதுங்க வேண்டாம். ஏரியும் கோயிலும் ஊரும் ஒரே கயிற்றில் கோத்த மணிகள்போல் அந்தப் பாதையில் அமைந்துவிடும். அதுவே இல்லாமல் இருக்கிறது. ஏன் இல்லை என்பதை அறிய, நதியின் கதையைச் சற்று அறிய வேண்டும்.

கூவம் இயல்பாகவே அழுக்கான நதி என்று நினைப்பது தவறு. 18-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் கோமளீசுவரன்பேட்டையில் கூவத்தில் ஸ்நானம் செய்துவிட்டுக் கோயிலுக்குச் செல்வது வழக்கம் என்று அவருடைய சரித்திரம் கூறுகிறது. பட்டணத்தின் நடுவிலேயே அன்று நதி அப்படி இருந்ததென்றால், சென்னீர்குப்பத்தில் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். மேற்கே கேசவரம் அணைக்கட்டில் கொசஸ்தலையாற்றின் நீர் கூவத்துக்குள் திருப்பப்படுகிறது. பின்னர் ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் கூவத்தின் நீர் புதிய பங்காரு கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. அந்த நீரைத்தான் பட்டணம் குடிக்கிறது. எனவே, மழை பொழிந்து அணைக்கட்டு வழியும் நாட்களைத் தவிர, சென்னீர்குப்பத்துப் பக்கம் வரும்போது நதியில் நல்ல நீர் அதிகம் இராது. நல்ல நீர் போன இடத்தைக் கழிவு நீர் பிடித்துக்கொள்கிறது. நதியின் நல்ல நீரை நாம் குடித்துவிட்டு, அதற்குப் பதிலாக நம்முடைய சாக்கடையை அதனிடம் திருப்பிக் கொடுத்து, பிறகு அதன் நாற்றத்தைப் பழிக்கிறோம். இதைவிட நன்றி கெட்ட செயல் வேறுண்டா?

நதிக்கு மதிப்புப் போனால் கரைக்கும் மதிப்புப் போகிறது. யாரும் நடக்காத கரையில் சீமைக் கருவேல் முளைக்கிறது. கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து இருட்டில் கொட்டுகிறார்கள். வேலி ஒரு முழம் முன்னே நகர்கிறது. நாள்தோறும் நூறு பேர் காலையில் ஓடும் கரையில் இவற்றில் ஒன்றும் எளிதில் நடக்காது. வேலி நகர்ந்தால் அன்றே கண்டுபிடித்துவிடுவார்கள். லாரி வந்து குப்பை கொட்டினால் கேட்பார்கள். சாக்கடைக் குழாய் ஒன்று புதிதாக வாய் திறந்தால் மூக்கே சொல்லிவிடும். ஓடுவதற்குப் பாதை வேண்டும் என்று நாம் கேட்பது ஓடுகிறவர்களுடைய நன்மையை மட்டும் கருதி அல்ல. ஜனங்களின் கால் படும் கரைதான் காவலுள்ள கரை. ஆற்றைக் காக்கச் சம்பளம் கொடுத்து வைக்கும் காவற்காரர்களைவிட, சம்பளமின்றித் தினமும் ஓடி வரும் ஜனங்களே சிறந்த காவலர்கள். இதுவே நாம் இந்தக் கட்டுரையில் வற்புறுத்த விரும்பும் விஷயம்.

சட்டமும் இதற்கு அனுகூலமாகவே இருக்கிறது. 1905-ஆம் வருஷத்து நில ஆக்கிரமிப்புச் சட்டம், பொதுச் சாலைகளையும் பாதைகளையும் ஆறுகளின் படுகைகளையும் ஏரிகளையும் ஒரே பிரிவில் சேர்த்து, தனியார் சொத்தென்று நிரூபிக்கப்பட்டவை நீங்கலாக மற்றவை சர்க்காரின் சொத்து என்று சொல்லுகிறது. அந்நிய ஆட்சியில் சர்க்காரின் சொத்து என்றால் சர்க்காருடையது என்று பொருள். சுதந்திர நாட்டில் அது ஜனங்களுடையது என்று பொருள். மேலும், 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டு, நடக்கிறவர்களுக்கு நடைபாதை இருக்க வேண்டியது அரசியல் சட்டத்தின் 21-வது ஷரத்து வழங்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கியது என்று கூறி, அதற்கான விதிகளை வகுக்குமாறு ராஜ்யங்களுக்கு உத்தரவிட்டது. நடைபாதை என்பது அழகுக்காகச் செய்யும் காரியம் அல்ல, உயிரைப் பற்றிய காரியம் என்பது இதனால் விளங்கும்.

உயிரைப் பற்றிய காரியம் என்பதற்குக் கணக்கும் உண்டு. 2022-ஆம் வருஷத்தில் இந்தியாவில் சாலை விபத்துக்களில் 1,68,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களில் 32,000-க்கு மேற்பட்டவர்கள் நடந்து சென்றவர்கள். பஞ்சாபைச் சேர்ந்த ஃபௌஜா சிங் என்ற முதியவரின் கதை இந்தக் கணக்கைவிட நன்றாகப் பேசும். 89-ஆவது வயதில் மாரத்தான் ஓடத் தொடங்கியவர் அவர். 2011-ல் டொராண்டோ நகரில் அவர் ஓடி முடித்தபோது வயது 100 என்று சொல்லப்பட்டது. பிறப்புச் சான்று இல்லாமையால் சாதனைப் புத்தகத்தில் மட்டும் அது ஏறவில்லை. லண்டனிலும் டொராண்டோவிலும் அத்தனை மைல்கள் ஓடியும் ஒரு தீங்கும் நேராத அந்த மனிதர், 2025 ஜூலை மாதத்தில் ஜலந்தருக்கு அருகே தம் சொந்தக் கிராமத்தில் சாலையைக் கடக்கையில் வாகனம் மோதி மாண்டார். வயது 114 என்றார்கள். நூறு வருஷங்கள் காலனை வென்ற கால்களை நம் சாலை வென்றுவிட்டது. அவரைப் போன்ற ஒருவருக்கே இந்தக் கதியானால், சென்னீர்குப்பத்துப் பையனுக்கு யார் உத்தரவாதம்?

தேக சுகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2023-ல் வெளியாயிற்று. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு என்று அது மதிப்பிட்டது. ரத்தக் கொதிப்போ, வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இருக்கிறது என்றது. வாரத்துக்கு 150 நிமிஷமாவது மிதமான தேகப் பயிற்சி வேண்டும். ஓட்டம் போன்ற கடுமையான பயிற்சியானால் 75 நிமிஷம் போதும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை. நாளொன்றுக்குப் பதினைந்து நிமிஷம் வீதம் ஐந்து நாள் ஓடினால் கணக்குச் சரியாகிவிடும். தமிழ்நாட்டுச் சர்க்காரும் இதை உணராமல் இல்லை. 2023 நவம்பரில் ஒவ்வொரு ஜில்லாவிலும் 8 கிலோமீட்டர் தூரமுள்ள நடைபாதையைக் குறிப்பிட்டு, ஜனங்கள் நடக்க வேண்டும் என்று ஓர் இயக்கத்தையே ஆரம்பித்தார்கள். அதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் ஜில்லாவுக்கு ஒரு பாதை என்பது, ஜில்லாவுக்கு ஒரு கிணறு என்பது போன்றது. தாகம் எடுத்தவன் பஸ் ஏறிப் போய்த் தண்ணீர் குடிக்க முடியுமா? ஊருக்கு ஒரு பாதை வேண்டும்.

பெண்களின் நிலைமையைத் தனியே குறிப்பிட வேண்டியது அவசியம். இருட்டில் சாலையோரத்தில் ஓட ஓர் ஆண் துணிவான். வேறு வழியில்லாவிட்டால் துணிந்தே தீருவான். ஒரு பெண்ணுக்கு லாரியின் பயம் மட்டுமல்ல. பின்னே வந்து வேகத்தைக் குறைக்கும் மோட்டார் சைக்கிளின் பயமும் உண்டு. ஆகையால் பெற்றோர்கள் அனுப்புவதில்லை. 400 மீட்டர் ஓட்டத்தில் ஒரு பெண் தவறினால் அவளுடைய கால்களில் குறை என்று தேர்வுக் குழு எழுதிக்கொள்கிறது. குறை அவளுடைய கால்களில் இல்லை. பழகுவதற்கு அவளுக்குப் பாதை தராத ஊரில் இருக்கிறது.

இந்த யோசனைக்குச் சிலர் சொல்லக்கூடிய ஆட்சேபங்களையும் நாம் கவனித்திருக்கிறோம். வெள்ளம் வந்தால் ஆற்றங்கரைப் பாதை அடித்துக்கொண்டு போகுமே என்பது ஒன்று. 2015 டிசம்பரில் இந்தப் பிரதேசம் பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. ஆகையால்தான் நாம் சிமெண்டும் பளிங்கும் பதித்த பாதை கேட்கவில்லை. இறுக்கிய மண் பாதையே கேட்கிறோம். வெள்ளம் வந்தால் அது ஆற்றுக்கு உரிய இடம், ஆறு எடுத்துக்கொள்ளட்டும். ஐப்பசி, கார்த்திகையில் சில வாரங்கள் கரையை மூடிவிட்டு, வடிந்த பின் கரம்பை போட்டுச் சீர் செய்தால் தீர்ந்தது. தரைப்பாலங்களின் மேல் வெள்ளம் ஓடும்போது கடக்க முயல்வது உயிருக்கே உலை என்பதையும் இங்கே எச்சரிக்கிறோம். ஆற்றின் இடத்தில் கட்டடம் கட்டினால்தான் வெள்ளத்தால் நஷ்டம். பாதை போட்டால் நஷ்டம் அற்பம்.

இரண்டாவது ஆட்சேபம் மிகவும் கனமானது. ஆற்றங்கரையை அழகுபடுத்துவது என்று தொடங்கும் திட்டங்கள் எல்லாம் ஏழைகளின் குடிசைகளைப் பெயர்ப்பதில் போய் முடிகின்றன என்று சொல்லுகிறார்கள். அது பொய்யென்று நாம் சொல்லமாட்டோம். பட்டணத்துக்குள் கூவத்தைச் சீர்திருத்தும் வேலை நடந்தபோது, கரையிலிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பெரும்பாக்கம் போன்ற தொலைவான இடங்களுக்கு அனுப்பப்பட்டன. பிழைப்பு ஒரு பக்கம், வீடு ஒரு பக்கம் என்று அவர்கள் படும் அவதி ஊரறிந்தது. அதே சமயத்தில், துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்குப் போகும் மேம்பாலச் சாலையின் தூண்களை அதே நதியின் ஓரமாகவே ஊன்றத் திட்டமிட்டார்கள். 2009-ல் அஸ்திவாரம் போட்டு, நதியின் போக்குக்குத் தடையாகிறது என்று 2012-ல் நிறுத்தி, இரண்டடுக்குச் சாலையாக 2022-ல் மறுபடியும் அஸ்திவாரம் போட்டார்கள். குடிசை ஆற்றுக்கு இடைஞ்சல், கான்கிரீட் தூண் இடைஞ்சல் அல்ல என்ற நீதி நமக்கு விளங்கவில்லை. சென்னீர்குப்பத்துக் கரையில் ஒரு பாதைக்காக ஓர் ஏழைக் குடும்பமாவது வெளியேற நேரிட்டால், பாதைதான் வளைந்து போக வேண்டும், குடும்பம் அல்ல. வளைந்து போகிற பாதையால் ஓடுகிறவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நதியே வளைந்துதான் போகிறது.

மூன்றாவது, இதெல்லாம் பணக்காரத் தேசங்களுக்கு ஏற்ற காரியம் என்பது. கொரியா தேசத்துத் தலைநகரான ஸியோலில் ஓர் ஓடையின் மேல் சாலையும், சாலையின் மேல் மேம்பாலமும் கட்டி அதை மூடியிருந்தார்கள். 2003-ல் மேம்பாலத்தை இடிக்கத் தொடங்கி, 2005-ல் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடையை வெளியே கொண்டுவந்து, கரையில் நடைபாதை அமைத்தார்கள். அங்கே ஓடும் நீரில் பெரும் பகுதி பம்பு வைத்துக் கொண்டுவரப்படுவது; அதற்குப் பெருஞ்செலவு ஆகிறது. அது பணக்கார வழிதான். ஆனால் நம் தமிழர்கள் பலர் வாழும் சிங்கப்பூரைப் பாருங்கள். 1977-ல் அதன் நதி நாற்றமெடுத்த சாக்கடை. பத்து வருஷத்தில் சுத்தம் செய்ய வேண்டும் என்று கெடு வைத்தார்கள், 1987-ல் முடித்தார்கள். முதல் வேலையாக அவர்கள் பூங்கா கட்டவில்லை. ஆற்றில் கழிவு விழும் வாய்கள் எவையென்று கண்டு அவற்றை அடைத்தார்கள். கரையில் இருந்தவர்களுக்கு மாற்று வீடும், தெருவில் விற்றவர்களுக்கு மாற்றுக் கடையிடமும் கொடுத்தார்கள். பணத்தைவிட அங்கே வேலை செய்தது பிடிவாதம்.

ஆகவே, நாம் கேட்பது பெரிய திட்டம் அல்ல. முதலாவது, பருத்திப்பட்டுப் பாலத்திலிருந்து திருவேற்காடு வரையில் நதியின் எல்லையைச் சர்வே செய்து, கண்ணுக்குத் தெரியும்படி எல்லைக் கற்களை நட வேண்டும். இரண்டாவது, வசதியான ஒரு கரையில் இருவர் பக்கத்தில் பக்கமாக ஓடக்கூடிய அகலத்துக்கு மண் பாதை அமைத்து, வேம்பும் புங்கும் நட வேண்டும். மூன்றாவது, அந்தத் தூரத்தில் நதியில் திறக்கும் கழிவு நீர் வாய்களை எண்ணி, அவற்றின் கணக்கை ஊர் மன்றத்தில் எழுதி ஒட்ட வேண்டும். வருஷத்துக்கு வருஷம் எண் குறைகிறதா என்று ஜனங்கள் பார்த்துக்கொள்வார்கள். நான்காவது, விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் விளக்கும் ரோந்தும் வேண்டும். ஐந்தாவது, 400 மீட்டரையும் 1500 மீட்டரையும் அளந்து கல் நட வேண்டும். போலீஸ் பரீட்சைக்குப் பழகும் ஆணும் பெண்ணும் தங்கள் வேகத்தைத் தாங்களே அளந்துகொள்ள அது போதும். கரையைச் சுத்தமாக வைத்திருக்கும் பொறுப்பையும் அவர்கள் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள் என்று நாம் நம்புகிறோம். கட்டணம் மட்டும் கூடாது. வாசலில் சீட்டுக் கொடுக்கத் தொடங்கினால் ஏழைப் பிள்ளை மறுபடியும் லாரிச் சாலைக்குத்தான் போவான்.

இதே ஆவடியில்தான் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சமதர்மப் பாணியில் சமூகத்தை அமைப்பது நாட்டின் லட்சியம் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தில் எவ்வளவு நிறைவேறியது, எவ்வளவு ஏட்டளவில் நின்றது என்ற விவாதத்தில் நாம் இப்போது இறங்கவில்லை. பணம் உள்ளவனும் இல்லாதவனும் ஒரே மண்ணில், ஒரே காற்றில், ஒரே வேகத்தில் பக்கத்தில் பக்கமாக ஓடக்கூடிய ஐந்தாறு கிலோமீட்டர் பாதை என்பது சமதர்மத்தில் மிகச் சிறிய பங்கு. அதையாவது அந்த ஊரின் அருகே கொடுத்துவிடலாமே!

நீர்வளத் துறையும், ஜில்லா நிர்வாகமும், ஸ்தல ஸ்தாபனங்களும் இந்த விஷயத்தை ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடாமல் ஒன்றுகூடி யோசிக்க வேண்டும். மழைக்கு முன் சர்வே முடிந்தால், மழைக்குப் பின் பாதை வேலை தொடங்கலாம். ஜனங்களும் கேட்காமல் எதுவும் வராது. சென்னீர்குப்பத்திலும் பருத்திப்பட்டிலும் திருவேற்காட்டிலும் உள்ளவர்கள் கிராம சபையிலும் வார்டுக் கூட்டத்திலும் இதை எழுப்ப வேண்டும். ஆற்றங்கரையில் பாதை வேண்டும் என்று கேட்கும் ஊர், ஆறு வேண்டும் என்று கேட்கும் ஊராகும். அப்படிக் கேட்கும் ஊரை ஆறும் கைவிடாது.